பென்சில்வேனியா பணியிடப் பதிவும் ஊதிய வரி அறிக்கையும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

அமெரிக்காவின் பல மாநிலங்களில் கிளைகள் கொண்ட நிறுவனம் ஒன்றின் ஊதியப் பிரிவில் ஒரே மென்பொருளைப் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தங்களில் அது தொல்லை தந்ததில்லை; அவற்றுக்கு ஊழியர் எந்த ஊரில் வேலை பார்க்கிறார் என்ற கேள்வியே எழுவதில்லை. மென்பொருளின் தரத்தை உரசிப் பார்ப்பது பென்சில்வேனியாவின் உள்ளூர் வருமான வரிதான்.

2008-ஆம் ஆண்டின் 32-ஆம் எண் சட்டப்படி, அங்கே ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் ஆறு இலக்கப் பி.எஸ்.டி. (உள்ளாட்சிப் பிரிவு) குறியீடு உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் வரி வசூல் மாவட்டத்தையும், அடுத்த இரண்டு பள்ளி மாவட்டத்தையும், கடைசி இரண்டு உள்ளாட்சியையும் சுட்டும். ஊழியரின் வசிப்பிட வரி விகிதத்தையும், பணியிட உள்ளாட்சி வெளியூர்க்காரர்களுக்கு விதிக்கும் விகிதத்தையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதை நிறுவனம் பிடித்தாக வேண்டும். (பிலடெல்பியா மட்டும் இச்சட்டத்துக்கு வெளியே நின்று, தன் ஊதிய வரியைத் தானே வசூலிக்கிறது.)

என் பெரிய மனக்குறை இங்கேதான். பணியிடத்தைப் பதியும்போது ஜிப் கோடை (அஞ்சல் குறியீட்டை) மட்டும் பார்த்துவிட்டு, மென்பொருள் பி.எஸ்.டி. குறியீட்டைத் தானே நிரப்பிவிடுகிறது. அஞ்சல் முகவரியில் இருப்பது அஞ்சலகத்தின் ஊர்ப் பெயர். கட்டடம் நிற்பதோ பக்கத்து டவுன்ஷிப்பாக, அதாவது வேறோர் உள்ளாட்சியாக, இருக்கலாம். ஒரே ஜிப் கோடு பல உள்ளாட்சிகளில் பரவியிருப்பதும் உண்டு. எனவே மாநில அரசின் முகவரித் தேடல் தளத்தில் கதவெண்ணோடு தேடி, கிடைத்த குறியீட்டையே கையால் இடுகிறேன். வசிப்பிடத்துக்கு ஊழியர் கையொப்பமிட்ட வசிப்பிடச் சான்றுப் படிவம் இருக்கிறது. பணியிடத்துக்கு நாம்தான் பொறுப்பு. ஜிப் கோடு ஒன்றுக்கு மேற்பட்ட உள்ளாட்சிகளைத் தொடும்போது ஓர் எச்சரிக்கையாவது காட்டியிருக்கலாம்.

பணி விவரத் திரையோ மெச்சத்தக்கது. இடமாற்றத்தைப் பழைய பதிவை அழிக்காமல், அமலாகும் தேதியுடன் புதிய பதிவாகச் சேர்க்க முடிவதால், காலாண்டு அறிக்கையில் ஊதியம் அந்தந்தப் பணியிடக் குறியீட்டின் கீழ் ஒழுங்காகப் பிரிந்து வருகிறது. அந்தத் தேதி சம்பளக் காலத்தின் நடுவில் விழுந்தால் மட்டும் முழுக் காலத்தையும் புதிய இடத்தின் கணக்கில் சேர்த்துவிடுகிறது. வேலை நேரத்தைப் பிரித்து நாமே பதிய வேண்டும்.

உள்ளூர்ச் சேவை வரியிலும் கவனம் தேவை. பணியிடத்தைப் பொறுத்து வரும் இவ்வரி, பொதுவாக ஆண்டுக்கு ஒருவருக்கு 52 டாலரைத் தாண்டக் கூடாது. இந்த மென்பொருளோ உச்சவரம்பை ஆளுக்கென்று பாராமல் ஊருக்கென்று தனித்தனியே எண்ணுகிறது. ஆகவே ஆண்டின் நடுவில் ஊர் மாறியவர்களின் பெயர்களை மட்டும் தனி அறிக்கையாக எடுத்து, ஒவ்வொரு சம்பளச் சுற்றுக்கும் முன்பு சரிபார்த்து வருகிறேன்.