பள்ளிக்கூட வாசலில் போலீஸா, வாட்ச்மேனா?

2024 நவம்பரில் மல்லிப்பட்டினம் அரசு உயர்நிலைப் பள்ளிக்குள் ஒருவன் நுழைந்து இளம் ஆசிரியை ஒருவரைக் குத்திக் கொன்றான். ஊர் தஞ்சாவூர் மாவட்டம்தான். ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டி, எஸ்.பி.பட்டினத்துக்காரர்களுக்கு அது கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) வடக்கே பஸ் ஏறினால் வந்துவிடுகிற ஊர். அதற்கப்புறம் இந்தப் பக்கம் பெற்றோர் கூட்டம் நடந்தால் யாராவது ஒருவர் எழுந்து, "நம்ம ஸ்கூலுக்கு ஒரு போலீஸ் போடச் சொல்லி மனு கொடுப்போம்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கைதட்டலும் விழுகிறது.

பயம் நியாயமானதுதான். வழி அது ஒன்றுதானா என்பதுதான் கேள்வி. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன், பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற ஒரு காவல் அலுவலர், அதுவும் வந்து போகிறவர். பள்ளிக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்காருகிற போலீஸ் நமக்குச் சரிப்படாது.

எதிலிருந்து பாதுகாப்பு என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். கடற்கரையோரப் பள்ளிகளில் திங்கட்கிழமை காலை முதல் வேலையே பாட்டில் பொறுக்குவதுதான். காம்பவுண்ட் சுவர் இடிந்த பக்கமாக ராத்திரி உள்ளே வந்து குடித்துவிட்டுப் போகிறார்கள்; பிரேயர் மணி அடிப்பதற்குள் உடைந்த கண்ணாடியைப் பெருக்கியாக வேண்டும். எதிரே பெட்டிக்கடையில் கூல் லிப் என்கிற, வாயில் அடக்கும் புகையிலை. கஞ்சா. பள்ளி விடும் நேரத்தில் பைக்கில் சுற்றும் பையன்கள். ஈ.சி.ஆரைக் குறுக்கே கடக்கும் பிள்ளைகள். கையில் கட்டும் சாதிக் கயிறு. இவை எல்லாவற்றையும் விடக் கனமானது, பிள்ளைக்குத் தெரிந்தவரே, சில நேரம் வாத்தியாரே, தப்பாக நடப்பது. துப்பாக்கியோடு வருகிறவன் இந்தப் பட்டியலில் இல்லை. போலீஸை நிறுத்துவது பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம்.

முழு நேரப் போலீஸ் என்பது அமெரிக்காவில் வளர்ந்த ஏற்பாடு. 1950களில் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் ஆரம்பித்தது. 1999இல் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு மத்திய அரசுப் பணமும் சேர்ந்து வேகமாகப் பரவியது. அங்கே பள்ளிக்கு வரும் போலீஸுக்கு மூன்று வேலை என்பார்கள்: சட்டத்தைக் காப்பது, வகுப்பில் வந்து சொல்லிக் கொடுப்பது, பிள்ளைகளோடு பேசி வழிகாட்டுவது. இதற்கென்று ஒரு தேசியச் சங்கமே இருக்கிறது. அது நடத்தும் அடிப்படைப் பயிற்சி 40 மணி நேரம், அதாவது ஒரு வாரம்.

பலன் என்ன? 2018இல் புளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் செத்தபோது, அந்தப் பள்ளிக்கென்றே நியமித்திருந்த ஆயுதப் போலீஸ்காரர் கட்டடத்துக்குள் போகாமல் வெளியே நின்றார். 2022இல் டெக்சாஸின் யுவால்டியில் பள்ளி நிர்வாகத்துக்குச் சொந்தமாக ஒரு போலீஸ் துறையே இருந்தது. கடைசியில் 376 போலீஸ்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஆனால் கொலைகாரன் இருந்த வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆனது. 19 பிள்ளைகள், 2 ஆசிரியைகள் செத்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் டெக்சாஸ் 2023இல் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆயுதம் தாங்கிய ஒருவர் வேண்டும் என்று சட்டம் போட்டது. இன்னொரு பக்கம், 2020இல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரர் ஒருவரால் கொல்லப்பட்டதும் அந்த ஊர்ப் பள்ளி வாரியம் போலீஸோடு இருந்த ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. ஒரே நாட்டில் ஒருவர் கூட்டுகிறார், ஒருவர் கழிக்கிறார். எழுபது வருஷ அனுபவம் உள்ளவர்களுக்கே இன்னும் முடிவு கிடைக்கவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு போலீஸ்காரரைப் பள்ளிக்கென்று போட்டால் அவர் பள்ளியில் எத்தனை நாள் இருப்பார்? செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. அந்த இரண்டுக்கும் வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆளைக் கொண்டுவந்து குவிக்கிறார்கள். தடை உத்தரவு போடுவதும் வழக்கம். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் நிற்க வேண்டும். ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு இருக்கிறது. வி.ஐ.பி. வருகை தனி. 2025 ஏப்ரலில் பிரதமர் புதிய பாம்பன் பாலத்தைத் திறக்க வந்தபோது இந்தப் பக்கம் எந்தப் போலீஸ்காரர் வீட்டில் சாப்பிட்டிருப்பார்? பந்தோபஸ்துக்கு ஆள் கேட்டால் எந்த இன்ஸ்பெக்டரும் முதலில் கை வைப்பது 'சும்மா உட்கார்ந்திருக்கிற' பள்ளி டியூட்டியில்தான். நம் பள்ளிகளில் போலீஸ் நிச்சயமாக நிற்பது இரண்டு சமயங்களில்: பொதுத் தேர்வு வினாத்தாள் கட்டைக் காக்க, தேர்தலுக்கு வாக்குப் பெட்டியைக் காக்க. பிள்ளைகளைக் காக்க என்று தனியாக இதுவரை ஆள் இருந்ததில்லை.

ஆள் பற்றாக்குறையாவது பணம் போட்டால் தீரும். அடுத்தது அப்படித் தீராது. 2001இல் கடல் அட்டையை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துத் தடை செய்தார்கள். அதுவரை அது இங்கே கடலில் மூழ்கி எடுக்கும் குளியாட்களின் பிழைப்பு, மறுநாளிலிருந்து குற்றம். அட்டை, பீடி இலை, மஞ்சள் என்று இலங்கைக்குப் போகும் ஒவ்வொரு கடத்தலுக்கும் கரையோரக் குடியிருப்புகளில் கதவு தட்டப்படுகிறது. தட்டுவது சில நேரம் சரியான கதவு, சில நேரம் பக்கத்து வீடு. முந்தின ராத்திரி அப்பாவைத் தேடி வந்த காக்கிச் சட்டை காலையில் பள்ளி கேட்டில் நின்றால், அந்தப் பிள்ளை அவரிடம் போய் "அண்ணே, எனக்கு ஒரு பிரச்சினை" என்று சொல்லுமா? பள்ளிக்கே வராமல் இருந்தாலும் ஆச்சரியமில்லை. சாதியிலும் இதே கதைதான். 2011இல் பரமக்குடியில் தலித்துகள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டை மறக்காத குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. கேட்டில் நிற்கும் போலீஸ் எல்லாருக்கும் ஒரே போலீஸாகத் தெரிவதில்லை.

இன்னொன்றும் நடக்கும். ஹெச்.எம். கூப்பிட்டுக் கண்டித்து விட்டிருக்க வேண்டிய அடிதடி, போலீஸ் கையருகில் இருப்பதாலேயே புகாராகும். பிளஸ் ஒன் பையன் இன்னொருவன் சட்டையைக் கிழித்தது ஸ்டேஷன் வரை போனால், அதற்கப்புறம் இரண்டு தெருக்காரர்கள் வருவார்கள்.

வாட்ச்மேன் விஷயத்துக்கு வருகிறேன். இந்த யோசனைக்குக் கைதட்டல் விழுவதில்லை, ஏனென்றால் நம் கண்ணில் வாட்ச்மேன் என்றால் பீடியும் ஸ்டூலும்தான். ஆனால் மல்லிப்பட்டினத்தில் தேவைப்பட்டது என்ன என்று யோசித்துப் பாருங்கள். வந்தவன் அதே பகுதிக்காரன். தெரிந்த முகம். அவனைக் கேட்டிலேயே நிறுத்தி, "யாரைப் பார்க்கணும்? இங்கேயே இருங்க, ஆபீஸில் கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அதற்குத் துப்பாக்கி வேண்டாம். பூட்டுகிற கேட், வருகிறவர் பெயர் எழுதும் நோட்டு, கவுன்சிலரே வந்தாலும் எழுத வைக்கிற தைரியம், இவ்வளவுதான் வேண்டும். கடைசியில் சொன்னதுதான் கஷ்டம்.

நம் மாவட்டத்தில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. ஊர்க்காவல் படையிலும் உள்ளூர் ஆட்கள் இருக்கிறார்கள். பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர் போட்டால் பாட்டில் பிரச்சினை பாதி தீரும். மீதிக்குச் சுவரைக் கட்ட வேண்டும். அப்புறம் புயல். பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டால் பல ஊர்களில் பள்ளிக்கூடம்தான் முகாம். நடு ராத்திரி சாவியோடு வந்து எந்த அறை ஒழுகும், எந்த கக்கூஸில் தண்ணீர் வரும் என்று சொல்லத் தெரிந்தவர் அந்த வாட்ச்மேன்தான்.

குறையும் உண்டு. ஏஜென்சி மூலம் வருகிறவருக்குச் சம்பளம் குறைவு, மூன்று மாதத்தில் ஆள் மாறும். அதைவிடப் பெரிய விஷயம்: நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருக்கப் போகிறவர் எப்படிப்பட்டவர்? போலீஸ் சரிபார்ப்பு இல்லாமல் ஒருவரையும் எடுக்கக் கூடாது. "நம்ம சொந்தக்காரர்தான், தங்கமான மனுஷன்" என்ற சிபாரிசை ஏற்கவே கூடாது. அப்புறம் வாட்ச்மேனால் ஆகாத காரியங்களும் இருக்கின்றன. தப்பாக நடப்பவர் பள்ளிக்குள் சம்பளம் வாங்குகிறவராகவே இருந்தால் கேட்டில் நிற்பவர் என்ன செய்வார்?

மாணவர் காவல் படை பற்றியும் சிலர் கேட்கிறார்கள். கேரளா 2010இல் ஆரம்பித்து நன்றாக நடத்துகிறது. 2018இல் தேசிய அளவிலும் கொண்டுவந்தார்கள். சென்னையில் 2022இல் 'சிற்பி' என்று 100 பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொடங்கினார்கள். சீருடை, அணிவகுப்பு, சட்டம் பற்றிய வகுப்பு எல்லாம் நல்லதுதான், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அது பிள்ளைகளை வளர்க்கிற திட்டம். அதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று கணக்கில் எழுதக் கூடாது.

எனக்குப் பிடித்த வழி சட்டத்திலேயே எழுதியிருக்கிறது, யாரும் கேட்பதில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். உதவி சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பதவி. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இன்னும் தெளிவு. பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்கும்போது அலுவலர் சீருடையில் இருக்கக் கூடாது. வீட்டிலோ, பிள்ளை சொல்லும் இடத்திலோ வாங்க வேண்டும். கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அலுவலர் வர வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. விஷயம் தெரிந்தும் சொல்லாமல் மறைத்தால் பள்ளித் தலைமைக்கும் தண்டனை உண்டு. ஆக, பிள்ளைகளிடம் வரும் போலீஸ் எப்படி வர வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது: மஃப்டியில், மெதுவாக.

இந்த ஏற்பாடு கரையோரத்துக்குப் புதிதும் இல்லை. 2008 மும்பைத் தாக்குதலில் ஆட்கள் கடல் வழியாக வந்தார்கள் என்றதும் கடலோரக் காவலை இறுக்கினார்கள். இவ்வளவு நீளக் கரையில் குடியிருப்புக்கு ஒரு போலீஸ் நிறுத்த முடியுமா? முடியாது. அதனால் மீனவக் கிராமங்களில் விழிப்புணர்வுக் குழு அமைத்தார்கள், கூட்டம் போட்டார்கள், சந்தேகப் படகைக் கண்டால் 1093க்குக் கூப்பிடுங்கள் என்றார்கள். நிற்கிற போலீஸ் குறைவு, தெரிந்த போலீஸ் அதிகம். கடலுக்குப் போதும் என்று நினைத்த ஏற்பாட்டைப் பள்ளிக்கூடத்துக்கு ஏன் யோசிக்கவில்லை என்று தெரியவில்லை.

பள்ளிப் பக்கத்திலும் துண்டு துண்டாக எல்லாம் இருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது, பிள்ளைகள் புகாரைச் சீட்டில் எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது, முக்கால்வாசிப் பெற்றோர் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெட்டியை யார் திறக்கிறார்கள், சாவி யாரிடம் என்பதில்தான் சிக்கல். பல இடத்தில் சீட்டில் எழுதப்பட்டவர் மேஜைக்கே அந்தச் சீட்டு போய்விடுமோ என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். மாதம் இரண்டு தடவை வரும் ஒரு பெண் எஸ்.ஐ. முன்னால் பெட்டியைத் திறந்தால் அந்தப் பயம் குறையும்.

வருகிறவருக்கு என்ன பயிற்சி வேண்டும்? லத்தியும் துப்பாக்கியும் அவருக்குத் தெரியும். தெரியாதது வேறு. எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்தினால் தோண்டித் தோண்டிக் கேட்காமல் இருப்பது. "நீ ஏன்மா அந்தப் பக்கம் போனே?" என்ற கேள்வியை நாக்கிலேயே அடக்குவது. கூல் லிப் வைத்திருந்த பையனை விட்டுவிட்டு விற்ற கடைக்குப் போவது. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது என்று 2003 சட்டம் இருக்கிறது, கூல் லிப்புக்கோ தமிழ்நாடு முழுக்கத் தடை. பையனைப் பிடிப்பது சுலபம், கடைக்காரர் ஏட்டுக்குத் தெரிந்தவராக இருப்பார். கடலுக்குப் போன அப்பா இலங்கைச் சிறையில் இருக்கும் வீட்டுப் பிள்ளை ஏன் வகுப்பில் முரடாக நடக்கிறது என்று புரிந்துகொள்வது. இதையெல்லாம் காவலர் பயிற்சிப் பள்ளி மட்டும் கற்றுக்கொடுக்க முடியாது. கூடவே உளவியல் ஆலோசகரும், பத்து வருஷம் இங்கே வேலை பார்த்த ஓர் ஆசிரியையும் உட்கார வேண்டும்.

2023இல் சாதி வெறியில் சக மாணவர்களே ஒரு மாணவனை வெட்டிய நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் என்று ஒரு பதவியை அது பரிந்துரைத்தது. பிரச்சினை வகுப்பறைச் சாதிச் சண்டை. அப்படியிருந்தும் அந்தப் பதவிக்கு அவர்கள் போலீஸைக் கேட்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

போலீஸை நிறுத்தவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஊரில் மோதல் நடந்து பள்ளி திறக்கும் முதல் வாரம், ஆசிரியைக்கு மிரட்டல் வந்திருக்கும் நாட்கள், பள்ளி விடும் நேரத்தில் ஈ.சி.ஆரைக் கடக்கும் அரை மணி நேரம், இங்கெல்லாம் சீருடை நிற்கட்டும். தேதி போட்டு வரட்டும், தேதி போட்டுப் போகட்டும்.

மனு கொடுப்பதாக இருந்தால் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இப்படி எழுதலாம்: பகலுக்கும் இரவுக்கும் சரிபார்க்கப்பட்ட வாட்ச்மேன்கள், இடிந்த பக்கம் சுவர், நம் காவல் நிலையத்தின் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார், அவர் எந்தெந்த நாளில் வருவார், எந்த எண்ணில் கிடைப்பார். பதில் வந்ததும் பெயரையும் எண்ணையும் நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடுங்கள். பெயின்ட் வேண்டாம், சாக்பீஸ் போதும். வருஷத்துக்குள் அவருக்கு மாறுதல் வந்துவிடும். புதியவர் பெயரை எழுத ஸ்டேஷனுக்குப் போன் செய்கிற பொறுப்பை யாராவது ஒரு பெற்றோர் பெயரில் அன்றைக்கே தீர்மானமாகப் போட்டுவிடுங்கள்.