கணக்கெடுப்பா, நேர்காணலா?

ஒருவரின் அந்தரங்கப் படங்களை அவரது இசைவின்றி எடுப்பது, பகிர்வது, பகிர்வதாக மிரட்டுவது ஆகியவற்றைப் பாலியல் வன்முறையாகவே கருதி, நிக்கோலா ஹென்றி, கிளேர் மெக்ளின் உள்ளிட்டோர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளில் ஆய்வு நடத்தினர். 16 முதல் 64 வயதுக்குட்பட்ட 6,109 பேரிடம் 2019இல் எடுத்த கணக்கெடுப்பில், மூவரில் ஒருவருக்கும் மேல் இதற்கு ஆளானதாகத் தெரிவித்தனர். எங்கோ ஓரிருவருக்கு நேர்வது என்ற வாதத்தை அந்த எண் ஒன்றே தகர்த்துவிடுகிறது. தன் படம் பரவியதையே அறியாதவர் மட்டும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

அதே ஆய்வுக்காக, பாதிக்கப்பட்ட 75 பேரிடம் எடுத்த நேர்காணல்களால் இது எவ்வளவு பரவலானது என்று அளக்க இயலாது. ஆனால் படம் நீக்கப்பட்ட பிறகும் அது எங்கேனும் மீண்டும் முளைக்குமோ என்று இணையத்தில் ஓயாமல் தேடிக்கொண்டிருக்கும் அச்சத்தையும், எதிரே வரும் அந்நியர் அதைப் பார்த்திருப்பாரோ என்ற கூச்சத்தையும், வாழ்க்கையே அதற்கு முன், அதற்குப் பின் என இரண்டாகப் பிளந்துபோவதையும் அவைதாம் காட்டுகின்றன. சட்டம் தேவை என்று வாதிடக் கணக்கெடுப்பு போதும். தண்டனையின் அளவையும் படநீக்க உதவியையும் வகுப்பதற்கு நேர்காணல்களையே முதலில் படிக்க வேண்டும் என்பேன். ஏனெனில், கணக்கெடுப்புப் படிவத்தில் ‘ஆம்’ என்ற ஒரே கட்டத்தில் குறியிட்ட இருவரில் ஒருவர் அதைக் கடந்து வந்திருக்கலாம், மற்றவர் வீட்டைவிட்டு வெளியே வரவே அஞ்சிக்கொண்டிருக்கலாம்.