"எந்த கண்ட்ரோலருக்கும் பொருந்தும்" என்று விற்கும் வேவ்மேக்கர் கேபிள்: வாங்குமுன் படித்துவிடுங்கள்

கடல்மீன் தொட்டியில் தண்ணீரைச் சுழற்றும் பம்பை (வேவ்மேக்கரை), அதன் வேகத்தை அட்டவணைப்படி மாற்றும் கண்ட்ரோலரோடு இணைக்க கேபிள் தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு டிசி வேவ்மேக்கர்களையும் கேபிளையும் ஒரே விற்பனையாளரிடம்தான் வாங்கினேன். என் கண்ட்ரோலர் எந்த மாடல் என்று முன்பே சொல்லியிருந்தேன். "எல்லாத்துக்கும் பொருந்தும் சார், சொருகினா ஓடும்" என்றார்கள். அவர்களே ஆள் அனுப்பி மாட்டியும் கொடுத்தார்கள். அதற்குத் தனிக் கட்டணம்.

ஓடத்தான் செய்தது, ஆனால் ஒரே வேகத்தில். 40 சதவீதம் வைத்தாலும் 50 வைத்தாலும் முழு வேகத்தில் தண்ணீரை அடித்தது. மணல் ஒரு பக்கம் குவிந்து, மறுபக்கம் அடிக்கண்ணாடி தெரிந்தது. பவளங்கள் விரியவே இல்லை. போன் செய்தால், "புது பம்ப், போகப் போக செட் ஆயிடும்" என்று பதில். போட்டுப் பழக இதென்ன புதுச் செருப்பா?

அப்புறம் ஒரு மதியம், அட்டவணைப்படி வேகம் முதல்முறையாக 100-க்கு ஏறியபோது இரண்டு பம்பும் நின்றுவிட்டன. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தண்ணீரின் மேற்பரப்பு அசையாவிட்டால் ஆக்சிஜன் கரைவது குறைந்துவிடும். ஆனால் கண்ட்ரோலர் திரையில் மட்டும் சமர்த்தாக 100 என்றே இருந்தது, எச்சரிக்கை ஏதும் இல்லை. இந்த வகை இணைப்பில் கண்ட்ரோலர் காட்டுவது, தான் அனுப்பும் சிக்னலைத்தான். பம்ப் சுற்றுகிறதா, செத்துக் கிடக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த நண்பர் ஒருவர் கேபிளின் நடுவில் இருந்த கறுப்பு உறையைக் கீறிப் பார்த்தார். உள்ளே சர்க்யூட் இருக்கும் என்று நினைத்தால், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நேராக இரண்டு ஒயர், அவ்வளவுதான். ஒரு ரெசிஸ்டர்கூட இல்லை. என் கண்ட்ரோலர் தருவது 0 முதல் 10 வோல்ட் வரையிலான அனலாக் சிக்னல், அதாவது வோல்ட் ஏற ஏற வேகம் ஏறும். 50 சதவீதம் என்றால் 5 வோல்ட், 100 என்றால் 10 வோல்ட். பம்பின் பெட்டியோ 5 வோல்ட் பிடபிள்யூஎம் துடிப்பை எதிர்பார்ப்பது, அதாவது 5 வோல்ட்டை வேகவேகமாக ஆன், ஆஃப் செய்து, ஆனில் இருக்கும் நேரத்தின் அளவால் வேகத்தைச் சொல்வது. விடாமல் வந்த 4, 5 வோல்ட்டை அது "முழு வேகம்" என்றே எடுத்துக்கொண்டது. 10 வோல்ட் வந்ததும் போர்டு போய்விட்டது. ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு பம்புக்கும் கொடுத்திருந்ததால் இரண்டும் ஒன்றாகப் போயின.

விற்பனையாளர் முதலில் தண்ணீர் புகுந்திருக்கும் என்றார். அடுத்து கண்ட்ரோலரில் கோளாறு என்றார். கேபிளின் படத்தை அனுப்பியதும், "வேறு கம்பெனி கருவியோடு இணைத்ததால் வாரண்டி செல்லாது" என்றார். இணைத்தது அவர் அனுப்பிய ஆள், அவர் விற்ற கேபிளை வைத்து!

பிளக் பொருந்துவதால் சிக்னலும் பொருந்தும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பம்ப் ஏற்பது 0–10 வோல்ட்டா, பிடபிள்யூஎம்மா, எந்தப் பின்னில் எது, சிக்னல் நின்றுபோனால் பம்ப் நிற்குமா அல்லது தன் சொந்த வேகத்தில் ஓடுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பம்பில் சொருகும் முன் கேபிள் முனையில் மல்டிமீட்டரை டிசியில் வைத்து 0, 50, 100 மூன்றிலும் அளந்து பாருங்கள். 0–10 வகை என்றால் 50-ல் 5 வோல்ட் காட்டும். 5 வோல்ட் பிடபிள்யூஎம் என்றால் சராசரியாக 2.5 வோல்ட் அளவில் காட்டும். சாதாரண ஏசி பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அதை ஆன், ஆஃப் மட்டும்தான் செய்ய முடியும். இன்னொன்று, எல்லாப் பம்பையும் கண்ட்ரோலரை நம்பி விடாதீர்கள். இப்போது என் தொட்டியில் ஒரு பம்ப் கண்ட்ரோலரோடு இணைக்காமல் தனியாகத்தான் ஓடுகிறது.

மாட்டிவிட்டுப் போன ஆள் ஒயரை நேராக சாக்கெட்டுக்கு இழுத்திருந்ததையும் பிறகுதான் கவனித்தேன். ஒயர் கீழே தொங்கி வளைந்து மேலேறினால்தான் வழியும் உப்புத் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. தொட்டி வேலையே தொழிலாகச் செய்பவருக்கு இதுகூடத் தெரியாதா?

கடைசியாக விற்பனையாளரிடமிருந்து வந்த செய்தி: புது மாடல் கேபிள் வந்திருக்கிறதாம், அது கண்டிப்பாக வேலை செய்யுமாம், அனுப்பட்டுமா என்று. எந்த சிக்னலுக்கானது என்று கேட்டேன். பார்த்துவிட்டதாக டிக் விழுந்திருக்கிறது, பதில் வரவில்லை.