முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு டிவி கேம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, நிலைக்கண்ணாடி என்று தேடிப் போவார்கள். நான் தேடிப் போனது, சிறுவயதில் நாங்கள் ‘டிவி கேம்’ என்று சொல்லிவந்த பெட்டியை. ஒரு சின்னப் பழம்பொருள் கடையில், பித்தளைக் குத்துவிளக்குகளுக்குப் பின்னால், மஞ்சப்பைக்குள் அது கிடந்தது: இரண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, ஏழு கேம் கேசட்டுகள்.

1983இல் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் கருவியின் நகல் அது. மாரியோ, கான்ட்ரா போன்ற ஆட்டங்கள் நம் வீடுகளுக்குள் நுழைந்ததே இத்தகைய நகல்களின் வழியாகத்தான் என்பதால், அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘9999999 இன் 1’ என்று லேபிள் ஒட்டிய கேசட்டில் அதே சில ஆட்டங்கள் பெயர் மாறித் திரும்பத் திரும்ப வருவதும் பழைய வழக்கம்தான். கடைக்காரர் 2,500 ரூபாய் சொன்னார், 1,800க்குப் படிந்தது.

இந்தக் கடையின் சிறப்பு, பதினான்கு அங்குல டியூப் டிவி ஒன்றை வைத்து, பொருளை ஓட்டிக் காட்டிய பிறகே பணம் வாங்குவது. முதலில் திரையில் வெறும் கோடுகளே வந்தன. கடைக்காரர் கேசட்டை எடுத்து ஊதப் போனார். வாயின் ஈரம் பட்டால் பித்தளை களிம்பேறுவதுபோல அதன் பின்களும் அரித்துப்போகும் என்று சொல்லித் தடுத்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்தபோது பஞ்சு கறுத்தது. மூன்றாவது குச்சியில் மாரியோ வந்துவிட்டார். வெறும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிய ஆட்டம் அது. ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழியில்லை, உயிர்கள் தீர்ந்தால் பெரும்பாலும் முதலிலிருந்துதான். அந்தக் கண்டிப்புதான் என்னை இன்னும் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

குறை துப்பாக்கியில். எந்த டிவியிலும் சுடும் என்று கடையில் உறுதி கூறினார்கள். வீட்டு எல்இடி டிவியில், வாத்து சுடும் ஆட்டத்தில் ஒரு வாத்துகூட விழவில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். அந்த ஒளியைத் துப்பாக்கி முனையிலுள்ள உணரி உடனே பிடிக்க வேண்டும். டியூப் டிவியின் வேகத்தை நம்பிச் செய்த இந்த ஏற்பாடு, படத்தைச் சற்றே தாமதித்துக் காட்டும் புதிய திரைகளில் எடுபடாது. விற்பவர் இதைத் தெரிந்து சொல்லியிருக்க வேண்டும்.

மறுவாரம் போய்க் கேட்டேன். “இங்க சுட்டுச்சுல்லண்ணே” என்றார். மறுக்க முடியாமல், அந்த டியூப் டிவியையே 600 ரூபாய்க்கு வாங்கி வந்துவிட்டேன். ஆகவே இனி அங்கே டிவி கேம் வாங்கப் போகிறவர்கள், ஓட்டிக் காட்ட வேறு டிவி வந்துவிட்டதா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.