ஒர்வியெத்தோவுக்கு ஒரு நாள்: அந்தக் கிணற்றுக்காகவே போகலாம்

திருப்பூரிலிருந்து மிஷின் கண்காட்சி, பையர் மீட்டிங் என்று இத்தாலிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மிலானோடு திரும்பிவிடுகிறார்கள். மிஞ்சிப் போனால் ரோம், வெனிஸ். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரோமில் ஒரு நாள் கையில் இருந்தால், வடக்கே இருக்கும் மலையூர்களுக்குப் போய் வாருங்கள். நாங்கள் குடும்பத்தோடு ஒரு டூர் கம்பெனியின் வேனில் ஒர்வியெத்தோ, சீவிதா தி பாஞ்ஞோரேஜோ என்ற இரண்டு ஊர்களைப் பார்த்தோம். ஊர்களுக்கு முழு மதிப்பெண். டூருக்குப் பாதிதான் கொடுப்பேன்.

ஒர்வியெத்தோ செங்குத்தான பாறையின் தலையில் இருக்கும் ஊர். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை, உளி வைத்தால் சுலபமாக வெட்டுப்படும். ரோமானியர்களுக்கு முன்பே இத்தாலியில் இருந்த எத்ருஸ்கர்கள் என்ற மக்கள் இங்கே நகரம் கட்டி வாழ்ந்தார்கள். கி.மு. 264-இல் ரோமானியர்கள் அதை அழித்து, மிஞ்சிய சனத்தைப் போல்சேனா ஏரிக்கரையில் குடியேற்றினார்கள். அப்புறம் இடைக்காலத்தில் ஊர் மறுபடி எழுந்தது. பகைவன் ஏற முடியாத பாறைதான். ஆனால் தண்ணீருக்கு என்ன செய்வது?

1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளமென்ட் தப்பி வந்து தங்கியது இந்த ஊரில். முற்றுகை வந்தால் ஊர் தாகத்தில் தவிக்கக் கூடாது என்று அவர் வெட்டச் சொன்னதுதான் சான் பத்ரீத்சியோ கிணறு. கட்டியவர் இளைய அந்தோனியோ தா சங்கல்லோ. வேலை 1537-இல் முடிந்தது, அதற்குள் அந்தப் போப் காலமாகிவிட்டார். ஆழம் 53 மீட்டர், அகலம் 13 மீட்டர். சுவருக்குள் இரண்டு படிவழிகள் சுற்றிச் சுற்றி இறங்குகின்றன, நடுவில் எங்கும் ஒன்றோடொன்று சேர்வதில்லை. தண்ணீர் எடுக்க வந்த கோவேறு கழுதைகள் ஒரு வழியில் வெறும் முதுகோடு இறங்கி, அடியில் சின்னப் பாலத்தைக் கடந்து, மறு வழியில் சுமையோடு ஏறியிருக்கின்றன. இறங்குவதும் ஏறுவதும் எதிரெதிரே வரவே வராது. படிகள் 248, கழுதைக் காலுக்கு ஏற்றபடி அகலமாகவும் தாழ்வாகவும் இருக்கின்றன. உள்பக்கம் 70 ஜன்னல்கள். மேலே திறந்த வாயில் விழும் வெளிச்சம் அவற்றின் வழியாகத்தான் படிக்கு வருகிறது.

என் மாமனார் சென்னிமலைப் பக்கத்துக்காரர், வாழ்நாளெல்லாம் தோட்டமும் கிணறுமாக இருந்தவர். பாதி வழியில் ஒரு ஜன்னலில் கையூன்றி நின்றவர் நகரவே இல்லை. "ஏனுங்க மாப்ள, நம்ம மலைக்கு அபிஷேகத் தண்ணி காளை மேலதானுங்க போகுது. இவங்க அந்தச் சீவனுக்குன்னே கெணத்துக்குள்ள ரெண்டு ரோடு போட்டுருக்காங்க பாருங்க" என்றார். அடிவாரத்திலிருந்து காளைகள் தீர்த்தம் சுமந்து சென்னிமலை ஏறுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவருக்கு, அந்தக் கிணற்றை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவு பெரிய விஷயம் எங்கள் டூர் திட்டத்தில் இல்லவே இல்லை! கதீட்ரல் வாசல், கடைத்தெருவில் ஒரு நடை, ஏற்கெனவே பேசி வைத்த ஹோட்டலில் நீளமான சாப்பாடு, அவ்வளவுதான். சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு நாங்களாகத்தான் கிணற்றுக்கு நடந்தோம். வழிகாட்டிப் பெண்மேல் குறை இல்லை, நல்ல விவரம் தெரிந்தவர். நேரத்தைப் பிரித்த விதம்தான் தப்பு.

கதீட்ரலுக்கும் நேரம் போதவில்லை. 1290-இல் தொடங்கிய கட்டடம், பக்கச் சுவர்கள் கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியான கல். முகப்பில், அதைக் கட்டிய சிற்பி லொரென்சோ மைத்தானி காலத்துச் சிற்பப் பலகைகள். உள்ளே சான் பிரித்சியோ சிற்றாலயத்தில் லூக்கா சிஞ்ஞொரெல்லி வரைந்த சுவரோவியங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது, மனசு வரவில்லை கிளம்ப. ஊருக்கு அடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குகைகள், புறா வளர்த்த மாடங்கள் எல்லாம் உண்டு. அதை நாங்கள் பார்க்க முடியாமல் போனது எனக்கு இன்னும் வருத்தம்.

சாப்பாடு பற்றி: உம்ப்ரிகெல்லி என்று கையால் உருட்டிய தடித்த பாஸ்தா, மாவும் தண்ணீரும்தான். காரமான தக்காளிச் சாறோடு கேளுங்கள், சைவக்காரர்களுக்கும் ஆகும். ரொட்டியில் உப்பு இருக்காது, அந்தப் பக்கத்து வழக்கம் அது. பில்லில் தலைக்கு இவ்வளவு என்று மேசைக் கட்டணம் தனியாக வரும், அதற்குச் சண்டை போட வேண்டாம்.

சீவிதா சின்ன ஊர். அடியில் இருக்கும் களிமண் கரைந்து, பாறை ஓரம் ஓரமாகச் சரிந்துகொண்டே வருகிறது. 1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு சனம் வெளியேறத் தொடங்கி, இப்போது நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். உள்ளே போக ஒரே வழி 1965-இல் கட்டிய நடைபாலம். நுழைவுக் கட்டணம் உண்டு. கடைசி ஏற்றம் செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து பார்க்கத்தான் அதிக அழகு.

பெரியவர்களோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது: டூர் வேண்டாம். ரோம் தெர்மினியில் ரயில் ஏறினால் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் ஒர்வியெத்தோ. ஸ்டேஷனுக்கு எதிரிலேயே விஞ்ச் ரயில் மேலே கொண்டுபோய் விடும், இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே கிணறு. காலையில் அதை முடித்துவிட்டு, குகைகளைப் பார்த்துவிட்டு, கதீட்ரல் முகப்புக்கு மதியத்துக்கு மேல் போங்கள். வெயில் நேராக விழும்போதுதான் அந்தத் தங்க மொசைக் தெரியும். எல்லா இடத்துக்கும் சேர்த்து 'கார்த்தா ஊனிக்கா' என்று ஒரே டிக்கெட் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.