மாட்ரிட்டில் ஒயின் சுவைக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: 190 யூரோ போய்விட்டது

சனிக்கிழமை நடந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். மாட்ரிட்டில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஒயின் சுவைப்பு நடத்தும் ஒரு நிறுவனத்தில், இணைய முன்பதிவுத் தளம் ஒன்றின் வழியாக எனக்கும் அக்காவுக்கும் இடம் பிடித்தேன். ஆளுக்கு 95, மொத்தம் 190 யூரோ. கலீசியாவின் அல்பரீன்யோ (வெள்ளை ஒயின்), ஹெரெஸின் ஃபினோ (ஷெர்ரி வகை வெள்ளை ஒயின்), ரிபெரா டெல் துவேரோ, ப்ரியோராத், கடைசியில் ரியோஹா கிரான் ரெசெர்வா என்று ஐந்து பகுதிகளின் ஒயின்களை விளம்பரத்தில் அடுக்கியிருந்தார்கள். அந்தக் கடைசிப் பெயருக்காகத்தான் அவ்வளவு பணம் கொடுத்தோம். மொத்தம் ஐந்து ஆண்டுகள் முதிர்ந்து, அதில் இரண்டு ஆண்டுகளாவது ஓக் பீப்பாயில் கிடந்த ரியோஹா சிவப்பு ஒயினுக்குத்தான் கிரான் ரெசெர்வா என்ற பெயர் கிடைக்கும்.

நடத்தியவர் அருமையாகப் பேசினார். ப்ரியோராத் மலைச்சரிவின் கருஞ்சிலேட்டுக் கல் ஒன்றை எங்கள் கையில் வைத்தார். இந்தப் பாறை இடுக்குகளில்தான் கார்னாச்சா திராட்சைக் கொடிகள் நீர் தேடி வேரோட்டுகின்றன என்றார். அது உண்மையும்கூட. அக்கா அந்தக் கல்லைக் கீழே வைக்கவே இல்லை. மண்ணை இவ்வளவு நேசிப்பவர் ஏமாற்ற மாட்டார் என்று நம்பினோம்.

பிறகு ஃபினோ வந்தது. பீப்பாயில் ஒயினின் மேல் ஈஸ்ட் ஏடாகப் படர்ந்து காற்றுப் படாமல் காப்பதால், ஃபினோ வெளிர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். எங்களுக்கு ஊற்றியது பழுப்பேறி, வாசனை செத்துப் போயிருந்தது. என்றோ திறந்த புட்டி. கேட்டதற்கு, "பழகாதவர்களுக்கு ஹெரெஸ் ஒயின் பிடிக்காது" என்றார். என்ன திமிர்!

கிரான் ரெசெர்வா கண்ணாடிக் குடுவையில் வந்தது. அத்தனை ஆண்டுகள் கிடந்த ஒயினின் விளிம்பில் செங்கல் நிறம் தெரியும். இது கருஊதா, புதுப் பழச்சாற்று மணம். புட்டியைக் காட்டச் சொன்னோம். இழுத்தடித்துக் கொண்டுவந்தார். பின்பக்க முத்திரை பச்சை! ரியோஹாவில் கிரான் ரெசெர்வாவின் முத்திரை நீலம். முதிர்வு நிபந்தனைகளுக்குள் வராத சாதாரண ஒயினுக்குத்தான் பச்சை. "முத்திரைகளை மாற்றிவிட்டார்கள்" என்று முகத்துக்கு நேரே பொய் சொன்னார்.

புகார்ப் படிவம் கேட்டோம். ஸ்பெயினில் வாடிக்கையாளர் கேட்டால் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். "தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை வாருங்கள்" என்றார்கள். திங்கட்கிழமை போனால் மேலாளர் இல்லையாம். முன்பதிவுத் தளத்துக்கு எழுதினால், நிறுவனத்திடம் பேசுங்கள் என்று பதில். நிறுவனத்துக்கு எழுதினால், தளத்திடம் பேசுங்கள் என்று பதில். கடைசியில் தளத்திலிருந்து வந்த ஒரே வரி: "கையிருப்பைப் பொறுத்து ஒயின்கள் மாறலாம்." அடுத்த முன்பதிவுக்குப் பத்து யூரோ தள்ளுபடியாம். 190 யூரோவைப் பிடுங்கிக்கொண்டு பத்து யூரோ தருகிறார்கள்!

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது மனம் அதில் இல்லை. இவற்றை மட்டும் பாருங்கள். குடுவையில் வந்தால் புட்டியைக் கேளுங்கள். ரியோஹா என்றால் முத்திரையின் நிறத்தைப் பாருங்கள், படம் எடுங்கள். ஃபினோ பழுப்பாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். தயாரிப்பாளர் பெயரும் அறுவடை ஆண்டும் போடாத விளம்பரத்துக்குப் பணம் கட்டாதீர்கள். 190 யூரோவைத் திரும்பப் பெற பணம் கட்டிய அட்டையின் வங்கியில் மனு கொடுத்திருக்கிறேன். பச்சை முத்திரையின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.