எட்டா ஜேம்ஸ் இசைத்தட்டில் ‘அசல் நாடாவிலிருந்து’ என்று ஒட்டியிருக்கிறதா? வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

அமெரிக்கப் பாடகி எட்டா ஜேம்ஸின் ‘அட் லாஸ்ட்!’ ஆல்பத்தின் புதிய மறுபதிப்பு ஒன்றை லண்டனிலிருக்கும் இணையக் கடை ஒன்றில் 26 பவுண்டு கொடுத்து வாங்கினேன். உறையின் மேல் தங்க நிறத்தில் ஒரு ஒட்டுச்சீட்டு இருந்தது. ‘அசல் அனலாக் மூல நாடாவிலிருந்து, 180 கிராம் வினைல்’ என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். அதாவது, ஸ்டுடியோவின் அசல் ஒலிநாடாவிலிருந்தே, டிஜிட்டலாக மாற்றாமல், கனமான தட்டில் எடுத்தார்களாம். இரண்டுமே பொய். மாற்றித் தருகிறோம் என்று சொல்லி அனுப்பிய இரண்டாவது தட்டும் அதே தரம்தான். பணத்தைத் திரும்பப் பெற ஏழு வாரம் போராட வேண்டியிருந்தது. வேறு யாரும் இதே பள்ளத்தில் விழக் கூடாது என்பதற்காக, நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

இந்த ஆல்பத்தைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். சிகாகோவின் செஸ் நிறுவனம் தன் கிளைப் பெயரான ஆர்கோவின் கீழ் 1960 நவம்பரில் இதை வெளியிட்டது. அப்போது எட்டாவுக்கு வயது 22. பத்தே பாட்டுகள், அரை மணி நேரம். முரட்டுத்தனமும் தேனும் கலந்த அந்தக் குரலுக்குப் பின்னால் வயலின்களை அமைத்தவர், இசைக்குழுவுக்கான வாத்தியப் பகுதிகளை எழுதிய ரைலி ஹாம்ப்டன். தலைப்புப் பாட்டு எட்டாவுக்காக எழுதப்பட்டதே அல்ல. மேக் கார்டனும் ஹாரி வாரனும் 1941இல் எழுதியது அது. கிளென் மில்லரின் இசைக்குழு அதை முன்பே பிரபலமாக்கியிருந்தது. ஆனால் இன்று பல அமெரிக்கத் திருமணங்களில் மணமக்கள் முதல் நடனம் ஆடுவது எட்டாவின் குரலுக்குத்தான். வயலின்கள் மேலே ஏறி நின்று வழிவிட, அவர் அந்த முதல் இரண்டு சொற்களை இறக்கும் இடத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு உடல் சிலிர்க்கும்.

1999இல் வந்த குறுந்தட்டில்தான் இருபது வருடங்களாக இதைக் கேட்டு வருகிறேன். அதனால்தான் ஊசியை வைத்த இரண்டு நிமிடத்துக்குள் ஏதோ தவறு என்று தெரிந்துவிட்டது.

முதலில் உணர்ந்தது, நீண்ட வயலின் சுரங்கள் ஆடுவதை. ஒரே சுரத்தில் நிற்க வேண்டிய ஒலி, ஊஞ்சல் போல மேலும் கீழும் போய் வந்தது. தட்டின் நடுத்துளை சரியான மையத்தில் இல்லாவிட்டால் இப்படித்தான் நடக்கும்: ஒவ்வொரு சுற்றிலும் ஊசி ஒருமுறை உள்ளே இழுக்கப்பட்டு, ஒருமுறை வெளியே தள்ளப்படும். டர்ன்டேபிளைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். ஊசிக்கை இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. இது அச்சடிக்கும் ஆலையின் அலட்சியம். இதை மட்டும் என்றால் மன்னித்திருப்பேன். பெரிய நிறுவனங்களின் தட்டுகளிலும் இப்படி ஒன்றிரண்டு வரும்.

மன்னிக்க முடியாதது வேறு. ‘எ சண்டே கைண்ட் ஆஃப் லவ்’ பாட்டு முடியும்போது வயலின்களின் ஒலி அறையில் பரவி, மெல்ல மெல்லக் கரைய வேண்டும். இந்தத் தட்டில் அது கரையவில்லை. கதவைச் சாத்தியது போல நின்றது. எல்லாப் பாட்டுகளின் முடிவிலும் இதே கதைதான். பழைய நாடாப் பதிவுகளில் ஒரு மெல்லிய சீறல் இருக்கும். அதை நீக்க மென்பொருளை அளவுக்கு மீறி ஓட்டினால், சீறலோடு சேர்ந்து எதிரொலியும் போய்விடும், பாடகியின் மூச்சும் போய்விடும். எட்டா ஒரு வரிக்கு முன் இழுக்கும் மூச்சு அந்தப் பாட்டின் பாதி உயிர். அதைத் துடைத்து எறிந்திருந்தார்கள்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, தட்டின் ஒலியைக் கணினியில் பதிவு செய்து என் குறுந்தட்டோடு ஒப்பிட்டேன். பாட்டு மங்கி மறையத் தொடங்கும் இடம் எல்லாப் பாட்டிலும் ஒன்றாகவே பொருந்தியது. குறுந்தட்டில் சீறல் இருந்தது. புதிய தட்டில் அந்த இடங்களில் வெறுமை. அதைவிட வெளிப்படையான சான்று உறையின் பின்பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. ‘கூடுதல் பாடல்கள்’ என்று எட்டாவும் ஹார்வி ஃபுக்வாவும் சேர்ந்து பாடிய நான்கு பாட்டுகளைச் சேர்த்திருந்தார்கள். 1960 ஆல்பத்தில் இந்த நான்கும் கிடையாது. 1999 குறுந்தட்டில் சேர்க்கப்பட்டவை இவை. அதே நான்கு, அதே வரிசை. ஆல்பத்தின் மூல நாடாவைக் கையில் வைத்திருந்தவர்கள் செய்த வேலையா இது?

மூல நாடா என்ற சொல்லை இந்த ஆல்பத்துக்கு யாராவது இவ்வளவு எளிதாகப் பயன்படுத்தினால் கூடுதல் கவனம் தேவை. 2008 ஜூன் 1 அன்று கலிபோர்னியாவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வளாகத்தில் பெரும் தீ விபத்து நடந்தது. அங்கிருந்த ஒலிநாடாக் கிடங்கு எரிந்ததைப் பற்றி நியூயார்க் டைம்ஸின் வார இதழ் 2019இல் விரிவாக எழுதியது. அழிந்தவற்றில் செஸ் நிறுவனத்தின் மூல நாடாக்களும் உண்டு என்று சொன்ன அந்தக் கட்டுரை, எட்டா ஜேம்ஸின் பெயரையும் குறிப்பிட்டிருந்தது. இழப்பு அவ்வளவு பெரிதல்ல என்று யுனிவர்சல் இசை நிறுவனம் மறுத்தது. எது எப்படியிருந்தாலும், செஸ் பதிவுகளின் உரிமையாளரான யுனிவர்சலின் கிடங்கிலேயே இந்த நிலை இருக்கும்போது, பின்னுறையில் ஒரு தபால் பெட்டி எண்ணைத் தவிர வேறு முகவரியே தராத ஒரு நிறுவனத்துக்கு அந்த நாடா எங்கிருந்து வந்திருக்கும்?

அது திருட்டுப் பதிப்பா என்றால், அதுவும் இல்லை. பலருக்குத் தெரியாத இடம் இதுதான். ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளின் பதிப்புரிமை முன்பு 50 ஆண்டுகள். 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை 70 ஆண்டுகளாக நீட்டியது. 2013 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்குள் உரிமை காலாவதியான பதிவுகளுக்கு உயிர் திரும்பவில்லை. அதாவது 1962 முடிவதற்குள் வெளியான ஒலிப்பதிவுகளை ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம். அமெரிக்காவில் அப்படி முடியாது. 2018இல் வந்த சட்டப்படி இந்த ஆல்பத்தின் ஒலிப்பதிவுக்கு 2067 வரை அங்கே பாதுகாப்பு உண்டு. ஆகவே ஆரம்பகால சோல் இசை முழுவதும், ரே சார்ல்ஸ் தொடங்கி எட்டா வரை, ஐரோப்பாவில் இப்படிப்பட்ட பதிப்புகளாகக் குவிகிறது. லேபிளில் பி.ஐ.இ.எம். என்ற முத்திரையைப் பார்த்து ‘உரிமம் பெற்றிருக்கிறார்கள்’ என்று நானும் நினைத்தேன். அது பாட்டை எழுதியவர்களின் உரிமைத் தொகை சார்ந்த முத்திரை. ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்த வழியில் நேர்மையாகத் தொழில் செய்பவர்களும் இருக்கிறார்கள். எதிலிருந்து எடுத்தோம் என்று சொல்லி, விலையைக் குறைத்து வைத்து, கவனமாக அச்சடிக்கிறார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. பதிவை அச்சடிக்கச் சட்டம் இடம் தருகிறது. குறுந்தட்டிலிருந்து எடுத்ததை மூல நாடா என்று சொல்லி விற்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

எடைக்கு வருவோம். வீட்டில் மாவு நிறுக்கும் மின்னணுத் தராசில் தட்டை வைத்தேன். 142 கிராம். எடை கூடினால் ஒலி சிறக்கும் என்று நான் நம்புபவன் அல்ல. அறுபதுகளின் மெல்லிய தட்டுகள் பல அற்புதமாக ஒலிக்கும். ஆனால் 180 என்று அச்சிட்டு 142 கொடுப்பது, கடையில் படிக்கல்லைக் குறைத்து நிறுப்பதற்குச் சமம்.

கடைக்கு எழுதினேன். உறை பிரித்த இசைத்தட்டைத் திரும்ப எடுக்க மாட்டோம், சட்டமே அப்படித்தான் சொல்கிறது என்று முதல் பதில் வந்தது. பிரிட்டனில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் இந்தப் பதிலைக் கேட்டுத்தான் பெரும்பாலானோர் அடங்கிவிடுகிறார்கள். இணையத்தில் வாங்கிய பொருளை மனம் மாறி 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பும் உரிமை 2013ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. முத்திரை பிரித்த ஒலித்தட்டுகளுக்கு அந்த உரிமை இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது மனம் மாறியவர்களுக்கான விதி. பொருள் சொன்னபடி இல்லையென்றால் பொருந்துவது 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம். பிரித்திருந்தாலும் 30 நாட்களுக்குள் பொருளை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். திருப்பி அனுப்பும் செலவும் கடையுடையது.

இதை எழுதியதும் குரல் மாறியது. ஐந்து பவுண்டு தள்ளுபடி தருகிறோம், தட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மறுத்தேன். வேறு தட்டு அனுப்புகிறோம் என்றார்கள். இங்கேதான் நான் தவறு செய்தேன். அச்சுக் கோளாறு மட்டும் என்றால் மாற்றுத் தட்டு உதவும். எடுத்த மூலமே பொய் என்னும்போது ஆயிரம் தட்டு மாற்றினாலும் பயனில்லை. ஒப்புக்கொண்டது பத்து நாட்களைத் தின்றது. வந்த தட்டில் துளை சரியாக இருந்தது, எடை 144 கிராம், வயலின்கள் அதே இடங்களில் அறுந்தன. ஒருமுறை மாற்றித் தந்தும் குறை தீராவிட்டால் பொருளை நிராகரிக்கும் உரிமை அதே சட்டத்தில் மறுபடியும் கிடைக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி எழுதினேன். பதில் வரவில்லை. மூன்று மின்னஞ்சல்கள், ஒரு பதிவுத் தபால். எதற்கும் பதில் இல்லை.

கடைசியில் வங்கிதான் கைகொடுத்தது. கடன் அட்டையில் வாங்கியிருந்தாலும், பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்தால்தான் வங்கியையும் சட்டப்படிப் பொறுப்பாக்கும், நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு பொருந்தும். 26 பவுண்டுக்கு அது கிடையாது. ஆனால் அட்டைப் பரிவர்த்தனையைத் திருப்பக் கோரும் முறை ஒன்று உண்டு. பொதுவாக 120 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், டெபிட் அட்டைக்கும் செல்லும். ஒட்டுச்சீட்டின் புகைப்படம், தராசின் மேல் தட்டு இருக்கும் புகைப்படம், கடையின் விற்பனைப் பக்கத்தின் நகல், மின்னஞ்சல்கள் ஆகியவற்றை அனுப்பினேன். பணம் வந்தது. விற்பனைப் பக்கத்தை முதல் நாளே படமெடுத்து வைத்தது பெரிய உதவி. என் புகாருக்குப் பிறகு அங்கே ‘மூல நாடா’ என்ற சொல்லை நீக்கியிருந்தார்கள். ஒட்டுச்சீட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

வாங்குவதற்கு முன் உறையின் பின்பக்கத்தைக் காட்டும் படத்தைக் கேட்டு வாங்குங்கள். வட்டத்துக்குள் ‘பி’ எழுத்து (ஒலிப்பதிவின் உரிமையைக் குறிக்கும் அடையாளம்) இருக்கும் வரியில் யார் பெயர் என்று பாருங்கள். செஸ் பதிவுகள் இப்போது யுனிவர்சலுடையவை; அந்தப் பெயரோ, அவர்களிடம் உரிமம் பெற்றதாகச் சொல்லும் வரியோ இல்லையென்றால் அது இந்த வகைப் பதிப்புதான். தட்டுக்காக ஒலியைச் செம்மை செய்தவர் யார், எந்த ஸ்டுடியோவில் என்பதை அக்கறையுள்ள நிறுவனங்கள் பெருமையோடு அச்சிடும். அது இல்லாதது நல்ல அறிகுறி அல்ல. பழைய ஆல்பத்தில் இல்லாத கூடுதல் பாட்டுகளைக் கண்டால் அவை எந்தக் குறுந்தட்டில் முதலில் வந்தன என்று தேடுங்கள். இவ்வளவும் முடியாவிட்டால், ‘எந்த மூலத்திலிருந்து தட்டுக்கு எடுக்கப்பட்டது?’ என்ற ஒரே கேள்வியைக் கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். பதிலை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வங்கிக்கு அது சான்றாகும். ‘அனலாக்’ என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். 2022இல் அமெரிக்காவின் பெயர்பெற்ற மறுபதிப்பு நிறுவனம் ஒன்றே, முழுக்க அனலாக் என்று வாங்குபவர்கள் நம்பியிருந்த தன் தட்டுகளின் தயாரிப்பில் டிஜிட்டலாக மாற்றும் ஒரு கட்டம் இருந்ததை ஒப்புக்கொண்டது.

எனக்குக் கடைசியில் கிடைத்தது பழைய தட்டுக் கடையொன்றில் 12 பவுண்டுக்கு வாங்கிய, செஸ் பதிவுகள் எம்.சி.ஏ. நிறுவனத்திடம் இருந்த காலத்து மறுபதிப்பு. முதல் பாட்டில் ஒரு கீறல் டக் டக்கென்று கேட்கிறது. ஆனால் வயலின்கள் கரைகின்றன, எட்டா மூச்சு விடுகிறார். ஏமாற்றிய இரண்டு தட்டுகளையும் கடை திரும்பக் கேட்கவில்லை. யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ கூடாது என்று உறைகளின் மேல் ‘குறுந்தட்டிலிருந்து எடுத்தது’ என்று கறுப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தக் கடையின் பட்டியலை நேற்று மறுபடி பார்த்தேன். இதே தங்க நிற ஒட்டுச்சீட்டோடு ரே சார்ல்ஸ், சாம் குக் தட்டுகளும் விற்பனையில் இருக்கின்றன.